முதலில் ஒரு அறை, அப்புறம் இன்ஜின்

பாயிண்ட் அண்ட் கிளிக் கேம் செய்ய எந்த இன்ஜின் எடுக்கலாம் என்று கேட்டாய், தங்கச்சி. முதலில் ஒரு நோட்டை எடுத்து, உன் கதையில் வரும் ஒரே ஒரு அறையை வரை. கதவு எங்கே, சாவி எதற்குள் இருக்கிறது, அதை வாங்க யாரிடம் என்ன பேச வேண்டும் என்று எழுது. அந்த அறையை ஒரு வாரத்துக்குள் எந்த இன்ஜினில் ஓட வைக்க முடிகிறதோ, அதை எடுத்துக்கொள்.

இந்த வகை கேமில் திரும்பத் திரும்ப வரும் வேலைகள் சிலதான். ஆள் நடக்கக்கூடிய தரை, மேஜைக்குப் பின்னால் போனால் பாதி உடல் மறைவது, கிளிக் செய்யும் ஹாட்ஸ்பாட், இன்வென்டரி, கிளை பிரியும் உரையாடல். 1987-இல் வந்த மேனியாக் மேன்ஷனுக்காக ரான் கில்பர்ட் ஸ்கம் என்ற கருவியை உருவாக்கியதும் இதற்காகத்தான். ஒவ்வொரு அறைக்கும் அசெம்பிளியில் எழுதிக்கொண்டிருந்தால் கேம் முடியவே முடியாது.

இந்த வேலைகளெல்லாம் தயாராக வேண்டுமென்றால் அட்வெஞ்சர் கேம் ஸ்டூடியோ. சுருக்கமாக ஏஜிஎஸ். கிறிஸ் ஜோன்ஸ் தொடங்கியது, இலவசம். பிளாக்வெல் தொடரும் 2018-இல் வந்த அனவௌட் கேமும் இதில் செய்தவைதான். பிக்சல் ஆர்ட் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஆனால் எடிட்டர் விண்டோஸில்தான் ஓடும். உன் லேப்டாப் எது என்று பார்த்துக்கொள்.

வசனம் தமிழில் என்றால் நிதானமாகக் கேள், நான் இங்கேதான் அடிபட்டேன். ஒரு இன்ஜினில் பாதி கேமை முடித்துவிட்டு வசனங்களை ஏற்றினேன். 'கோவில்' என்று எழுதிய இடத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது திரையில் எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. அந்த வேலையை இன்ஜின் செய்யாவிட்டால் எழுத்துருவால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதல் நாளே 'கொக்கு, கோவில், மௌனம், ஸ்ரீ' என்று ஒரு வரி அடித்துப் பார். வசனம் எழுத்து எழுத்தாக ஓடுகிற மாதிரி வைத்தாலும் சோதித்துப் பார். முதலில் 'க' தெரிந்து, பிறகு அது 'கொ' ஆகித் துள்ளினால் படிக்கிறவர் கண் வலிக்கும்.

கோடோ 4 இந்த விஷயத்தில் நம்பகமானது. ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் அதற்குள்ளேயே இருப்பதால் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேரும். திறந்த மூலம், ராயல்டி கிடையாது, லினக்ஸிலும் ஓடும். ஆனால் கோடோ பொதுவான இன்ஜின். ஹாட்ஸ்பாட், இன்வென்டரியெல்லாம் அதில் தயாராக இருக்காது. பொப்போச்சியூ என்ற சேர்ப்பைப் போட்டுக்கொண்டால் அந்தப் பாரம் குறையும். தமிழ் கேம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

யூனிட்டி உனக்கு ஏற்கெனவே பழக்கம் என்றால் அதற்கான அட்வெஞ்சர் கிரியேட்டர் என்ற சேர்ப்பை விலைக்கு வாங்கி, கோடே எழுதாமல் நிறையச் செய்யலாம். 2023 செப்டம்பரில் யூனிட்டி இன்ஸ்டால் கணக்கில் கட்டணம் அறிவித்து, அடுத்த ஆண்டு செப்டம்பரில் கைவிட்டது. எதை எடுத்தாலும் உரிம நிபந்தனையைத் தொடங்கும்போதே படி. கையால் வரைந்த பெரிய படங்கள் என்றால் டெபோனியா கேமைச் செய்யப் பயன்பட்ட விஷனேர் ஸ்டூடியோவையும் பார். அதில் கேமை வெளியிட உரிமம் வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒரு அறையை எனக்கு அனுப்பு. சாவி எங்கே என்று மட்டும் சொல்லிவிடாதே, நானே தேடுகிறேன்.