முதலில் தெள்ளு, பிறகே எலி

1994இல் சூரத்தில் பிளேக் என்றதும் இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர், வியாபாரம் முடங்கியது. அந்நோய் கிடங்குக்குள் வரும் வழியை வணிகர்களாகிய நாம் அறிய வேண்டும்.

பிளேக் கிருமி, சாதாரணக் குடல் கிருமி ஒன்றிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. பின்னர் பெற்ற ஒரு மரபணுவால், எலியின் இரத்தம் குடிக்கும் தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் பிழைக்கத் தொடங்கியது. பூச்சியின் உணவுக்குழாயை அது அடைத்துவிடும். பசி தீராத தெள்ளு திரும்பத் திரும்பக் கடிக்கும்.

இக்கிருமியின் தாய்வீடு கிடங்கு அல்ல, காடும் மேடும். 1965 வரை நம் சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூரை ஒட்டி, மூன்று மாநில எல்லைகள் கூடும் பகுதி அதன் பழைய உறைவிடங்களில் ஒன்று. வெள்ளெலி பெரும்பாலும் நோயைத் தாங்கிக்கொள்ளும், வீட்டெலியோ செத்துவிழும். உடல் குளிர்ந்ததும் தெள்ளு வேறு உடம்பைத் தேடும். மூட்டை தூக்குபவர் அங்கேதான் நிற்பார். தெள்ளே நோயைக் கடத்துகிறது என்று 1898இல் கராச்சியில் சோதித்துக் கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் சிமோன்.

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற மலையடிவார ஊர்களில் காட்டெலிக்கும் கடை எலிக்கும் இடையே தூரம் அதிகமில்லை. மருந்து வைக்காமலே எலிகள் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவிப்போம். நோய்ச் சந்தேகம் இருந்தால் முதலில் தெள்ளுக்கு மருந்து, பிறகே எலிக்கு. மூட்டைகளைச் சுவரைவிட்டுத் தள்ளி, கட்டைமேல் அடுக்குவோம்.