முட்டை சாப்பிட்டால் தையலில் சீழ் வைக்குமா?

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவருக்கு அறுவை முடிந்ததும் வீட்டில் பத்தியம் தொடங்கிவிடும். முட்டை, மீன், பருப்பு எல்லாம் சீழ் வைக்கும் என்று இட்லியும் ரசம் சாதமுமே தட்டில் விழும். சீழ் என்பது கிருமியோடு போராடி மடிந்த வெள்ளையணுக்களின் குவியல். அறுவைப் புண்களில் அடிக்கடி காணப்படும் கிருமி, பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். தின்ற முட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. புண்ணை மூடும் திசுவுக்கும் எதிர்ப்பணுக்களுக்கும் புரதம்தான் மூலப்பொருள். ரத்தத்தில் ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொற்று அதிகம் வருவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆல்புமின் வேறு நோய்களாலும் குறையுமே என்றால், நியாயமான கேள்விதான்; முட்டை கொடுத்தால் தொற்றே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ஏற்கெனவே மெலிந்த உடம்பைப் பட்டினி போட அது காரணமாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 'எங்கள் பாட்டி பத்தியம் இருந்தார், புண் ஆறியது' என்பார்கள். தொற்று வருவது நூற்றில் சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு எதைத் தின்றாலும் ஆறும். பெயர் மட்டும் பத்தியத்துக்குப் போய்விடுகிறது.

பத்தியத்தில் காட்டும் கவனத்தை அறுவைக்கு முந்தைய மணிநேரங்களில் காட்டியிருந்தால் பலன் அதிகம். சர்க்கரை நோயாளிக்கு, ரத்தச் சர்க்கரை முழுதாகக் கட்டுக்குள் வரட்டும் என்று அறுவையை நாள்கணக்கில் தள்ளிப்போடுவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஒரு வாரத்தில் இறங்காது. அறுவை நேரத்துச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர இன்சுலினால் சில மணிநேரத்தில் முடியும். தள்ளிப்போட்ட நாட்களிலோ படுக்கைப்புண், நிமோனியா, ரத்தக்கட்டு என வேறு வினைகள் வந்து சேரும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, மருத்துவமனையில் சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை செய்யச் சொல்வது இதனால்தான். புகைப்பழக்கம், உடற்பருமன், ஸ்டீராய்டு மாத்திரை, நீளும் அறுவை நேரம், புண்ணுக்குள் தேங்கும் ரத்தம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை.

ஆண்டிபயாடிக் கூடக்கூட நல்லது என்ற எண்ணமும் தவறு. தோலைக் கிழிப்பதற்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். தொற்று இல்லாதபோது, அறுவை முடிந்த பிறகும் தடுப்புக்காக அதை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. முடியை ரேசரால் மழிக்கவும் கூடாது; நுண்ணிய கீறல்கள் கிருமிக்கு வாசல். பிரிட்டனில் சுமார் 4,900 முதியவர்களிடம், இடுப்பில் செயற்கைப் பந்துமூட்டைப் பதிக்கும் சிமெண்டில் ஒரு ஆண்டிபயாடிக் கலப்பதா, அதிக அளவில் இரண்டு கலப்பதா என்று சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். ஆழமான தொற்று முறையே 1.7, 1.2 சதவீதம், தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான் அது. மருந்தைக் கூட்டுவதால் ஆதாயம் உறுதியாகவில்லை.

உலோகம் பதித்த இடத்தில் ஆழமான தொற்று 90 நாட்கள் கழித்தும் தலைகாட்டலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேகூட வரும். தையலில் கசிவு நிற்காவிட்டால், சிவப்பு பரவினால், வலி திடீரென ஏறினால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்காமல், அறுவை செய்த மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.