சந்துகள் அமைத்த கழிவுநீர்க் குழாய்

கேள்வி: வளரும் நகரங்களில் மக்கள் பங்கேற்பு கருத்துக்கேட்புக் கூட்டத்தோடு முடிந்துவிடுகிறதே, அதற்கு மேல் மக்களால் என்ன செய்ய இயலும்?

பதில்: கராச்சியின் விளிம்பில், அரசின் திட்டமிடலுக்கு வெளியே பெருகிய ஒராங்கிக் குடியிருப்பு இதற்கு உறுதியான விடை தருகிறது. அங்கு 1980-இல் சமூக அறிவியலாளர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய ஒராங்கி முன்னோடித் திட்டம் கழிவுநீர் அமைப்பை இரண்டாகப் பிரித்தது. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகளை இணைக்கும் துணை வடிகால் ஆகிய ‘உட்பகுதி’யை மக்களே தம் செலவில் அமைப்பதும், முதன்மை வடிகாலும் சுத்திகரிப்பு நிலையமுமாகிய ‘வெளிப்பகுதி’யை அரசு ஏற்பதும் அந்தப் பிரிவினை. 20 முதல் 40 வீடுகள் கொண்ட ஒரு சந்தே நிர்வாக அலகாயிற்று. அங்கு வாழ்வோர் தமக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்து வீட்டுக்கு வீடு பணம் திரட்ட, திட்டப் பணியாளர்கள் நிலமட்டம் அளந்து, வரைபடமும் செலவு மதிப்பீடும் தந்து, கருவிகளை இரவல் கொடுத்தனர். ஒப்பந்ததாரரின் இலாபம் விலகியதால் செலவு வெகுவாகக் குறைந்தது. அதனினும் முக்கியமாக, தாம் பதித்த குழாயில் அடைப்பெடுக்கும் பொறுப்பையும் மக்களே ஏற்றனர். நீடித்த வளர்ச்சி, அதாவது வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகமின்றி இன்றைய தேவையை நிறைவேற்றும் வளர்ச்சி, இத்தகைய பராமரிப்பையே நம்பியிருக்கிறது.

எனினும், முதன்மை வடிகால் அமையாத இடங்களில் கழிவுநீர் இயற்கை ஓடைகளில்தான் கலந்தது. ஆகவே மக்கள் பங்கேற்பைச் சாக்காக்கி அரசு தன் கடமையைக் கைகழுவுவது அநீதி. இத்திட்டத்தைப் பின்னர் வழிநடத்தி, 2013-இல் சுட்டுக்கொல்லப்பட்ட பர்வீன் ரஹ்மான், நகரின் ஓடைகளை வரைபடமாக்கி, அவ்வரைபடங்களை ஆதாரமாக முன்வைத்து அரசுடன் இடைவிடாது வாதிட்டது, அரசு அக்கடமையை ஏற்க வேண்டும் என்பதற்காகவே.