இலங்கைப் பயணம்: பழைய நகரங்களும் பறவைகளும் – திட்டமிடுவது எப்படி?

நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறையாவது வெளிநாடு போய்வர ஆசை உண்டு. சிங்கப்பூர், துபாய் என்றால் அங்கே பிள்ளைகள் இருப்பார்கள். டிக்கெட்டையும் அவர்களே அனுப்பிவிடுவார்கள். சொந்தச் செலவில், சொந்தத் திட்டத்தில் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இலங்கை. மும்பையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். தாதரிலிருந்து ரயிலில் புணே போகும் நேரத்தைவிடக் குறைவு.

எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் செவ்ரி சேற்றுக் கரையில் வந்தது. பூநாரைகள் வரும் மாதங்களில் மாதுங்காவிலிருந்து காலையில் கிளம்பி, அவற்றைப் பார்த்துவிட்டு டிபனுக்கு வீடு திரும்பலாம். என் மனைவிக்கோ கோயிலும் பழைய கட்டடங்களும்தான் பிடிக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்கலாம் என்று 2018 ஜூலையில் நாங்கள் போனோம். திட்டம் போட்டவன் நான். முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில் பாதையில் வேலை பார்த்தவனுக்கு ஒரு வாரப் பயணம் பெரிய காரியமா என்ற நினைப்பு. மன்னாரில் ஒரு பூநாரைகூட இல்லை. வழியில் அங்கங்கே நின்று பறவை தேடியதில் திருக்கேதீஸ்வரம் போய்ச் சேர உச்சிவேளை தாண்டிவிட்டது, நடை சாத்தியிருந்தது. அன்றே அநுராதபுரம் திரும்ப வேண்டும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தின் கதவைப் பார்த்துவிட்டு வந்தோம். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்தத் தவறுகளிலிருந்து எழுதுவதுதான் இது.

முதலில் மாதம். நம்மைப் போன்ற மும்பைவாசிகள் தவறுவது இங்கேதான். நமக்கு மழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தீபாவளி வந்தால் வானம் வெளுத்துவிடும், பயணம் போகலாம் என்று எண்ணுகிறோம். இலங்கையின் வடக்கும் வடமத்தியும் தமிழ்நாட்டைப் போல வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. நாம் குடையை மடித்து வைக்கும்போது அங்கே விரிப்பார்கள். வடநாட்டிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வலசை வரும் பறவைகள் நவம்பர் முதல் மார்ச் வரை இருக்கும். டிசம்பர் வரை மழையும் இருக்கும். மழை ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, பறவைகளும் இன்னும் கிளம்பாத காலம் ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை சமயம். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஜூலை முதல் அக்டோபர் வரை போனால் பறவைக்குப் பதில் யானை. மின்னேரியாக் குளம் வற்றி, கரையில் புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கில் கூடும். 2018இல் எங்களுக்குக் கிடைத்த ஆறுதல் அதுதான்.

அடுத்தது பாதை. ஒரு பக்கம் சரித்திர இடங்களும் மறுபக்கம் பறவைக் காடுகளுமாக இரண்டு பட்டியல் எழுதி ஒட்டப் பார்க்காதீர்கள். நான் அப்படித்தான் கெட்டேன். ஒரே பட்டியல் போதும்: குளங்கள். தூபி கட்டிய அரசர்களே குளமும் வெட்டினார்கள். அநுராதபுரத்தில் ஜேதவன தூபியைத் தொடங்கிய மகாசேனன்தான் மின்னேரியாக் குளத்தையும் வெட்டியவன். அந்தத் தூபியில் 9 கோடிக்கு மேல் செங்கல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டின் பராக்கிரம சமுத்திரம், இடிந்த அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூழைக்கடா, நீர்க்காகம், இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி எல்லாம் அங்கே குடியிருக்கின்றன. அரசன் நெல்லுக்காகத் தேக்கிய நீர், பறவைக்கும் ஆயிற்று.

இந்த இடத்தில் என் தொழில் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு ஐந்தாம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய் 87 கிலோமீட்டர் நீளம். அதன் முதல் 27 கிலோமீட்டரில் சரிவு, கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. நம் கர்ஜத் மலைப்பாதையில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம். அதைப் பிசகாமல் பராமரிக்கவே நாங்கள் எத்தனை கருவிகள் வைத்திருந்தோம்! பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற சரிவை எதை வைத்து அளந்தார்கள் என்று அந்தக் கரையில் நின்று வெகுநேரம் யோசித்தேன். மனைவி இருமுறை கூப்பிட்டாள்.

பொலன்னறுவையில் இரண்டாம் எண் சிவாலயத்தைத் தவற விடாதீர்கள். 993இல் ராஜராஜன் காலத்தில் தொடங்கி 1070 வரை நீடித்த சோழர் ஆட்சியின் கற்றளி. வானவன் மாதேவீச்சரம் என்று பெயர். சதுரமான மேட்டுத் தொல்லிடத்தில் வேளைக்காரப் படையினரின் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. சிகிரியாவில் 1,200 படி ஏற முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் கீழே தோட்டத்தில் அமரலாம். பாறையில் வாழும் ஷாஹீன் ராஜாளியைப் பார்க்க அதுவே நல்ல இடம். சிங்கராஜா மழைக்காட்டை இதோடு சேர்க்க வேண்டாம். அது தெற்கே, வேறு திசை, வேறு பயணம்.

இனி நாளின் கால அட்டவணை. விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை குளக்கரை. எட்டரையிலிருந்து பதினொன்று வரை கட்டடங்கள். பௌத்தத் தலங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும்; தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். உச்சிவெயிலில் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நடந்தால் தெரியும், காலுறை போட்டுக்கொள்ளலாம். மதியம் ஓய்வு. நாலு மணிக்கு மேல் மறுபடி நீர்ப்பக்கம். இப்படி வைத்தால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ரயில் அட்டவணையில் தாமதத்தை ஈடுகட்டச் சில நிமிடங்களை ஒளித்து வைப்போம். அதுபோல எட்டு நாளில் ஒரு நாளையாவது காலியாக விடுங்கள்.

தூரதரிசினி வாங்குவோர் 8×42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்று பொருள். 42ஐ 8ஆல் வகுத்தால் வரும் ஐந்தேகால் மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம்; விடியற்காலை மங்கலில் அது வேண்டும். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் நம் வயதில் கை நடுக்கமும் அத்தனை மடங்காகும். பழகுவதற்குச் செவ்ரி இருக்கிறது. மின்னணுப் பயண அனுமதியின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இலங்கை அரசின் அறிவிப்பைப் பார்த்தே பணம் கட்டவும். பழைய நகரங்களில் சார்க் நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் கேட்டுப் பெறலாம்; பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

2023 பிப்ரவரியில் இந்த முறைப்படி மீண்டும் போனோம். மகா சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்தில் பெருங்கூட்டம் கூடும், தங்க இடம் கிடைக்காது என்பதால் அதற்கு முந்திய வாரமே போய், மன்னாரில் இரண்டு இரவு தங்கினோம். காலை ஏழு மணிக்குப் பாலாவித் தீர்த்தக் கரையில் கொக்குகள் நிற்க, அவள் உள்ளே போனாள். இந்த முறை கதவு திறந்திருந்தது. மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியின் இருபுறமும் ஆழமில்லாத நீர். 2010இல் ராம்சார் தலமான வங்காலைச் சரணாலயம் அந்தப் பக்கம்தான். மாலையில் அங்கே பூநாரைகள் வரிசையாகத் தலை கவிழ்த்து மேய்ந்தன. தூரதரிசினியை அவளிடம் கொடுத்தேன். திருப்பித் தர நேரமாயிற்று.

எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. 1914 முதல் போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் ரயில் பிடிப்பார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது; பின்னர் போரில் அந்தப் பக்கத்துப் பாதையும் போயிற்று. நம் இர்கான் நிறுவனம் மதவாச்சியிலிருந்து அதைப் புதிதாகப் போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் ஓடியது. நாங்கள் போனபோது அநுராதபுரத்துக்கு வடக்கே சீரமைப்புக்காகப் பாதையை மூடியிருந்தார்கள், வேனில்தான் போனோம். 2025 நவம்பர்க் கடைசியில் வந்த புயலிலும் இலங்கையின் ரயில் பாதைகள் பல இடங்களில் சேதமடைந்தன. ஆகவே போகிறவர்கள் கொழும்புக் கோட்டை நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ரயில் ஓடினால் ஜன்னலோரம் உட்காருங்கள். திருக்கேதீஸ்வரம் என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் வரும்.