தோற்றவன் எழுந்து நிற்கும் நேரம்

சதுரங்கம் இன்று பலகையைவிடத் திரையிலேதான் மிகுதியாக ஆடப்படுகிறது. விடுதியில் விளக்கணைத்த பிறகும் ஒளிவிட்டுக்கொண்டிருக்கும் கைப்பேசிகளை எட்டிப் பாருங்கள். யஷ்வந்தபுரத்திலிருந்து மெஜஸ்டிக் செல்லும் மெட்ரோ வண்டியில் தலைகுனிந்து நிற்கும் இளைஞரின் தோளுக்கு மேலாகப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமான அந்த அறுபத்து நான்கு கட்டங்கள் கண்ணிற் படாமற் போகா. ஆடுவோர் பலர். ஆனால் ஆட்டம் வளர்ந்தோர் சிலரே. இரண்டாண்டு, மூன்றாண்டு இரவுதோறும் ஆடியும் தரப்புள்ளி ஒரே இடத்தில் நிற்பானேன்? படிப்புக்கும் உறக்கத்துக்கும் உரிய நேரத்தை இதற்குக் கொடுத்துவிட்டோம். கொடுத்ததற்கு ஆட்டமாவது வளர வேண்டாமா?

இணையத்தில் ஆடும் ஓர் ஆட்டக்காரரின் வலிமை எது, வழக்கம் எது, திருத்தவேண்டிய இடம் எது என்று ஆராய்ந்தால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கலாம். ஆராய்வதற்குச் சென்னையைச் சேர்ந்த பிரக்ஞானந்தாவையே எடுத்துக்கொள்கிறேன். அவருடைய ஆட்டங்கள் உலகறியப் பதிவாகியிருக்கின்றன. நாமே எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ‘ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ்’ என்னும் விரைவுச் சதுரங்கப் போட்டி இணையவழியே நடைபெற்றது. பதினாறு பேர் ஆடினர். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. எட்டாம் சுற்றில், அன்றைய உலக வாகையர் மாக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களோடு எதிர்த்து ஆடி, 39 நகர்த்தல்களில் வென்றார் பிரக்ஞானந்தா. அப்போது அவருக்கு வயது பதினாறு. இந்தியாவில் நள்ளிரவு கடந்து இரண்டரை மணி. நாளிதழ்கள் எல்லாம் எழுதின, நாமும் பெருமைப்பட்டோம். (கார்ல்சன் அப்போதுதான் கொரோனா நோயிலிருந்து மீண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.)

நாளிதழ்கள் பெரிதாக எழுதாத பகுதி ஒன்று உண்டு. என் ஆராய்ச்சிக்கு அதுவே பொருள். அந்த ஆட்டத்துக்கு முன் அவர் ஆடிய ஆட்டங்கள் ஏழு. லெவோன் அரோனியனை வென்றார், இரண்டு சமநிலை, நான்கு தோல்வி. 21 புள்ளிக்கு 5 புள்ளிதான் கையில் இருந்தது. அந்நிலையில்தான் உலக வாகையர் எதிரே வந்தார். அவரை வென்றபின் எஞ்சிய ஏழு ஆட்டங்களில் மூன்று வெற்றி, இரண்டு சமநிலை, இரண்டு தோல்வி, 11 புள்ளி. ஆக மொத்தம் 19 புள்ளி. பதினாறு பேரில் பதினோராம் இடம். முதல் எட்டுப் பேருக்குரிய அடுத்த கட்டத்துக்கு அவர் செல்லவில்லை.

இந்த எண்களை வைத்துப் பெரிய கோட்டை எதையும் கட்டிவிட முடியாது. ஏழு ஆட்டம் மிகச் சிறிய மாதிரி. ஆயினும் ஒன்று மட்டும் தெளிவு. நான்கு முறை தோற்ற ஒருவர், அத்தோல்விகளைத் தூக்கிக்கொண்டு எட்டாவது ஆட்டத்துக்குள் நுழையவில்லை. அவருடைய முதல் வலிமை அதுதான் என்பேன். தொடக்க நகர்த்தல்களின் அறிவும், இறுதிக்கட்டத் திறனும் அதற்குப் பின்னரே வைத்து எண்ணத்தக்கவை.

அவ்வாண்டு மே மாதத்தில் மற்றோர் இணையப் போட்டி, ‘செசபிள் மாஸ்டர்ஸ்’. அதிலும் கார்ல்சனை வென்றார். ஆனால் அவ்வெற்றி, கார்ல்சன் 40ஆவது நகர்த்தலில் குதிரையை வீணே இழந்ததால் வந்தது. இப்படி வெல்வதைத் தாம் விரும்பவில்லை என்ற பொருள்பட அவர் பேசினார். எதிரி தவறவிட்டால் துள்ளிக் குதிக்கும் நம் இரவு ஆட்டங்களை நினைத்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்று முடித்தபோது மணி இரண்டு; காலையில் பதினோராம் வகுப்புத் தேர்வு. இறுதியாட்டத்தில் டிங் லிரெனிடம் முதல் நாள் தோற்று, இரண்டாம் நாள் வென்று, சமன்முறிப்பில் தோற்றார். பிப்ரவரியில் பதினோராம் இடம். மே மாதத்தில் இரண்டாம் இடம். மூன்றே மாதம்.

இனி நம் பக்கம் வருவோம்.

தரப்புள்ளி என்பது பட்டமன்று, எதிர்பார்ப்பு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாட் எலோ என்பவர் வகுத்த இம்முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. இருவரிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், மேலுள்ளவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 ஆட்டத்துக்குரிய மதிப்பெண் எடுப்பார்; 400 என்றால் 91. அதாவது வலியவரும் தோற்கத்தான் தோற்பார். அது கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. இணையத் தளங்கள் மார்க் கிளிக்மன் வகுத்த வேறு முறைகளைக் கையாள்கின்றன. ஆகவே ஒரு தளத்தின் 1500ஐ வேறொரு தளத்தின் 1500ஓடு ஒப்பிடுவது, அளவுக் கோடுகள் வேறான இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டது போலாம். இதையெல்லாம் அறிவியல் மாணவர்களான நாம் அறியாதவர்களா? அறிந்தும், ஒரே இரவில் முப்பது புள்ளி இறங்கிவிட்டால் அதை மீட்காமல் கண்மூட முடிவதில்லை. மீட்கப் போய் அறுபதை இழக்கிறோம்.

வேக ஆட்டத்தில் நடப்பதென்ன? ஆலந்து நாட்டு உளவியலறிஞர் அட்ரியன் டி குரூட், தாமே நல்ல சதுரங்க வீரர். வல்லுநர்களுக்கு ஓர் ஆட்டநிலையைச் சில நொடிகளே காட்டி மறைத்துவிட்டு, மீண்டும் அடுக்கச் சொன்னார். அவர்கள் ஏறக்குறைய முழுவதையும் அடுக்கினர், புதியவர்களால் முடியவில்லை. 1973இல் வில்லியம் சேசும் எர்பர்ட் சைமனும் இதை ஒரு படி மேலே கொண்டு சென்றனர். காய்களை ஒழுங்கின்றிச் சிதறவைத்துக் காட்டினர். வல்லுநரின் நினைவாற்றல் மறைந்துபோயிற்று. புதியவரைப் போலவே திணறினார். வல்லுநர் தனித்தனிக் காய்களைக் காண்பதில்லை. பழகிய கூட்டங்களாகக் காண்கிறார் என்பது அவர்கள் கண்ட முடிவு.

மூன்று நிமிட ஆட்டத்தில் சிந்திக்க நேரமில்லை. முன்னமே சேர்த்துவைத்த அக்கூட்டங்களே கைக்கு வருகின்றன. குதிரில் நெல் இருந்தால்தான் மரக்காலுக்கு வேலை. வேக ஆட்டம் அளந்து கொடுக்கும் மரக்கால். குதிரை நிரப்புவது அதன் வேலையன்று. வெறுங்குதிரில் மரக்காலை விட்டு இரவெல்லாம் சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒருவர் எழுந்து, “விசுவநாதன் ஆனந்த் வேக ஆட்டத்தில்தானே வளர்ந்தார்?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சென்னையில் அன்றைய சோவியத் பண்பாட்டு மையத்தில் இருந்த தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவர் ஆனந்த் வேக ஆட்டம் ஆடிப் பழகினார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவரும் அவரே. ஆனால் அக்கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வென்றவர் இருக்கையிலேயே இருப்பார்; தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். மீண்டும் தம் முறை வரும்வரை நிற்கவேண்டும். நிற்பவர் என்ன செய்வார்? தம்மை வென்றவரின் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். தம் தோல்வியை மனத்தில் புரட்டிக்கொண்டு நிற்பார். வேறு வழியில்லை.

இணையத் தளம் அந்த நிற்கும் நேரத்தை எடுத்துவிட்டது. தோற்ற நொடியிலேயே ‘மீண்டும் ஆடு’ என்னும் பொத்தான் விரலடியில் வந்து நிற்கிறது. எழுந்திருக்க வேண்டியதில்லை, இடம் விடவேண்டியதில்லை, வென்றவர் முகத்தைக்கூடப் பார்க்கவேண்டியதில்லை. வேகத்தில் குறையொன்றும் இல்லை. தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி போய்விட்டதே, அதுதான் குறை.

அந்த இடைவெளியை வேறோர் இடத்திலும் நாம் இழக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் கணினியின் தீர்ப்பைக் கேட்கிறோம். எங்கே தவறு என்று சிவப்புக் குறியிட்டு அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறது அது. நாமும் “ஓகோ” என்கிறோம், மறந்துவிடுகிறோம். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தம் மாணவர் ஏறத்தாழ 2500 தரப்புள்ளியை எட்டும்வரை கணினி ஆய்வைத் தொடவிடாமல் வைத்திருந்தார். கணினி இல்லாமல் ஒரு பையன் பெரிய ஆட்டக்காரன் ஆக முடியாது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. அந்தப் பையன் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினெட்டு வயதில், உலக வாகையர் ஆனார். பிரக்ஞானந்தாவின் ஆசான் ஆர். பி. ரமேஷும் காய்களைத் தொடாமல் மனத்துக்குள்ளேயே நெடுந்தொலைவு கணக்கிட்டுப் பார்க்கும் பயிற்சியைத்தான் வற்புறுத்துகிறார். அதைப்பற்றியே 2022இல் ஒரு நூலும் எழுதினார். இருவரும் கணினிக்குப் பகைவரல்லர். முதலில் நீ பார். பிறகு அது பார்க்கட்டும் என்பதே அவர்கள் முறை.

என் விடுதித் தோழர் ஒருவர் வேதியியல் பயில்பவர். ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி கூடினாலும் குறிப்பேட்டில் எழுதுவார். சதுரங்கத்தில் மட்டும் எதையும் எழுதமாட்டார். அவருடைய தோற்ற ஆட்டங்களை இருவரும் பலகையில் வைத்துப் பார்த்தோம். லிச்செஸ் போன்ற தளங்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை நொடி செலவாயிற்று என்பதையும் சேர்த்தே பதிவு செய்கின்றன. அதற்குக் காசும் கேட்பதில்லை. பழைய கழகங்களில் யாருக்கும் கிடைக்காத செல்வம் இது. பார்த்ததில் வெளிப்பட்டது எங்களுக்கே வியப்பாயிருந்தது. நேரம் போதாமல் தோற்றதாகத்தான் அவர் எப்போதும் சொல்லுவார். பல ஆட்டங்களில் கடிகாரத்தில் அரைப்பங்கு நேரம் அப்படியே இருந்தது! ஆட்டத்தைக் கெடுத்த நகர்த்தலை இரண்டு நொடியில் ஆடியிருந்தார். கெட்டபிறகு அதைச் சீர்செய்ய முப்பது நொடி யோசித்திருந்தார். எதிரி காயை வெட்டியவுடன் திருப்பி வெட்டுவதும், அரசனுக்கு முற்றுகை வந்தவுடன் அருகிலுள்ள கட்டத்துக்கு ஓடுவதும் அவருக்குச் சிந்தனையின்றி நடந்தன. வேறு நகர்த்தல் உண்டா என்று அங்கே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவருக்கு இல்லாதது அறிவன்று. திடீரென்று நிறுத்தும் பழக்கந்தான் இல்லை.

இப்போது அவர் ஒரு தோல்விக்கு ஒரு பக்கம் என்று எழுதுகிறார். ஆட்டம் எந்த இடத்தில் கை நழுவியது, அங்கே தாம் எதை எண்ணினார், எத்தனை நொடி எடுத்தார் என்பவற்றைத் தம் கையாலேயே எழுதிய பிறகுதான் கணினியைத் திறக்கிறார். ஒரு பக்கம் எழுதக் கால்மணி ஆகிறது. ஆகவே இரவில் மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆட முடிவதில்லை. தரப்புள்ளி ஏறியதா என்று கேட்பீர்கள். இன்னும் சொல்லத்தக்க அளவு ஏறவில்லை. பன்னிரண்டு மணிக்கு உறங்கிவிடுகிறார். அது மட்டும் உறுதி.

இடைவெளி கிடைக்காத இடமும் உண்டு. 2025 பிப்ரவரி 2 அன்று நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ நகரில், குகேஷும் பிரக்ஞானந்தாவும் 8.5 புள்ளியோடு முதலிடத்தில் சமமாக நின்றனர். இருவருமே அன்றைய கடைசிச் சுற்றில் தோற்றிருந்தனர். குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடம், பிரக்ஞானந்தா நெடுநேரம் போராடி வின்சென்ட் கைமரிடம். அந்தச் சோர்வோடேயே சமன்முறிப்பு மின்னல் ஆட்டங்களுக்கு அமரவேண்டியதாயிற்று. முதல் ஆட்டத்தில் பிரக்ஞானந்தா தோற்றார். ஒரு மாலைக்குள் இரண்டாம் தோல்வி. அடுத்ததை வென்றார், அதற்கடுத்த தீர்ப்பாட்டத்தையும் வென்று வாகை சூடினார்.

அந்த மூன்று ஆட்டங்களையும் வரும் சனிக்கிழமை மாலை எங்கள் அறையில் பலகையில் வைத்துப் பார்க்க இருக்கிறோம். கணினியை மூடிவைத்துவிட்டுத்தான். எங்களிடம் ஒரே பலகைதான் இருக்கிறது, அதிலும் ஒரு வெள்ளை யானையைக் காணோம். பலகை வைத்திருப்போர் கொண்டு வந்தால் இன்னும் நால்வர் உட்காரலாம்.