சஃபாரியில் புலி தென்படவில்லையா?

முதுமலைக்குப் போய்வந்த பலரும் ஒரே குறையைச் சொல்வார்கள்: புலியும் இல்லை, ஒன்றும் இல்லை, வனத்துறை சும்மா கணக்குக் காட்டுகிறது. கண்ணில் படாவிட்டால் காட்டில் இல்லை என்ற இந்த நம்பிக்கைக்கு நேர்மாறாக இருக்கிறது 2022 புலிக் கணக்கெடுப்பு. முதுமலைக் காப்பகத்துக்குள் 114 புலிகள். புலி பார்க்க எல்லோரும் ஓடுகிற ராஜஸ்தானின் ரந்தம்பூரில் 57. எண்ணிக்கை பாதியாக உள்ள இடத்தில்தான் புலி சுலபமாகத் தென்படுகிறது! காரணம் காட்டின் அமைப்பு. ரந்தம்பூர் வறண்ட இலையுதிர் காடு. கோடையில் மரங்கள் மொட்டையாகி, ஓடைகள் வற்றிவிட்டால் பதம் தலாவ், ராஜ்பாக் போன்ற ஏரிகளுக்கு மானும் வர வேண்டும், அதைத் தேடிப் புலியும் வர வேண்டும். முதுமலையிலோ பாதையோரத்திலேயே உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் வண்டியில் இருப்பவருக்குத் தெரியாது. போதாததற்கு, புலிகள் காப்பகச் சுற்றுலாவுக்கான 2012 வழிகாட்டுதல்களின்படி ஒரு காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது. மிச்சக் காட்டுக்குள் நம் வண்டி போவதே இல்லை.

"ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்திலும் இப்படித்தானே சொன்னார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்கேட்டில் புலிகள் இருந்தபோதே, வேட்டையால் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005இல் அம்பலமானது. ஆனால் அந்தக் கணக்கு கால்தடத்தை நம்பிய கணக்கு. ஒரே புலியின் தடம் ஈர மண்ணில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் விழும்; ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவது எளிது. அந்த முறையைக் கைவிட்டு இப்போது தானியங்கி கேமராக்களை வைக்கிறார்கள். இரு புலிகளுக்கு ஒரே வரிகள் கிடையாது. ஒரே புலியிலும் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு. அதனால்தான் பாதையின் இருபுறமும் எதிரெதிரே கேமரா கட்டுகிறார்கள். கணக்கைச் சந்தேகிக்க வேண்டுமென்றால் அந்தப் படங்களை வைத்துச் சந்தேகிக்கலாம். ஓரிரு மணி நேரச் சவாரியை வைத்து அல்ல.

கண்ணில் படாவிட்டால் இல்லை என்ற நம்பிக்கையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிடவும் முடியாது. காசு கொடுத்தாயிற்று, புலியைக் காட்டு என்று பயணிகள் நெருக்கும்போது ஓட்டுநர்கள் ஒரே புலியைச் சுற்றி வண்டிகளை நிறுத்துகிறார்கள், அது போகும் வழியை மறிக்கிறார்கள். இதற்கிடையில் காடே தரும் தகவலைக் கவனிக்க ஆளில்லை. புள்ளிமான் சின்னச் சலசலப்புக்கும் கத்தும். கடமான் அப்படியல்ல, வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டி, விட்டுவிட்டுக் குரல் கொடுத்தால் பெரும்பாலும் புலியோ சிறுத்தையோ அருகில் இருக்கிறது என்று பொருள். அந்தக் குரல் கேட்டால் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். புலியைப் பார்த்தே தீருவது என்றால் ஏப்ரல், மே வெயிலைத் தாங்கிக்கொண்டு ரந்தம்பூருக்குப் போங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அதன் முக்கியப் பகுதிகள் மூடியிருக்கும்.