இணையவழித் தமிழ்ப் பாட வடிவமைப்பு: நன்னூல் பொதுப்பாயிரத்தின் கற்றல் நெறிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மாணவர்க்கு வழங்கப்பட்ட இணையவழிக் கல்வி பெரும்பாலும் ஆசிரியர் உரையை மாணவரிடம் கொண்டுசேர்ப்பதாகவே அமைந்தது. கற்றலில் ஆசிரியர் உரைக்குரிய இடம் எவ்வளவு என்னும் வினாவை நன்னூலின் பொதுப்பாயிரம் தெளிவாக எதிர்கொண்டுள்ளது. அந்நூல் கூறும் ஈதல் இயல்பு, கோடல் மரபு ஆகியவற்றை இக்காலக் கற்றல் உளவியல் ஆய்வுகளோடு ஒப்புநோக்கி, பள்ளி மாணவர்க்கான இணையவழித் தமிழ்ப் பாடத்தை வடிவமைப்பதற்குரிய நெறிகளை வகுக்க இக்கட்டுரை முயல்கிறது. மயங்கொலிப் பாடம் ஒன்றின் வடிவமைப்பு சான்றாகத் தரப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணையவழிக் கற்றல், பாட வடிவமைப்பு, நன்னூல், பொதுப்பாயிரம், மயங்கொலி, மதிப்பீடு.

1. முன்னுரை

தமிழகத்தில் மின்வழிக் கல்விக்கான அடித்தளம் பெருந்தொற்றுக்கு முன்பே இடப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) உலகெங்கும் வாழும் தமிழர்க்கு இணையத்தில் தமிழ்ப் பாடங்களை வழங்கியது. 2018ஆம் ஆண்டின் புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இவை துணைக்கருவி என்னும் நிலையிலிருந்து வகுப்பறைக்கு மாற்று என்னும் நிலைக்கு உயர்ந்தன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. எழுத்தறியத் தொடங்கும் பருவத்தில் இருந்த குழந்தைகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வகுப்பறையைக் காணவில்லை. அக்கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டம், திரையை நாடாமல் தன்னார்வலரைக் குழந்தைகளின் குடியிருப்புக்கே அனுப்பியது. இம்மாற்றம் கருதத்தக்கது. திரைவழிப் பாடத்தில் எது குறைந்தது என்பதற்கான விடையை அது குறிப்பாக உணர்த்துகிறது.

கருவியின்மையும் இணைப்பின்மையும் முதன்மைக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி (2017–18) இந்தியக் குடும்பங்களுள் 23.8 விழுக்காட்டினர்க்கே இணைய வசதி இருந்தது. ஊரகத்தில் அது 14.9 விழுக்காடு. எனினும், கருவியும் இணைப்பும் வாய்க்கப்பெற்ற மாணவர்க்கும் பாடம் முழுப்பயன் தந்ததா என்னும் வினா தனியே எழுப்பப்பட வேண்டும். இக்கட்டுரை அவ்வினாவோடு தன்னை வரையறுத்துக்கொள்கிறது.

2. பொதுப்பாயிரம் கூறும் கற்றல் பங்கீடு

சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணம் உரைக்கப் புகுமுன் நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணாக்கர் இயல்பு, கற்கும் முறை ஆகியவற்றைப் பொதுப்பாயிரத்தில் வகுத்துரைக்கிறது. பாட வடிவமைப்பு நோக்கில் அதன் மூன்று கருத்துகள் இன்றியமையாதன.

முதலாவது, கற்பிக்கும் முறை. காலமும் இடமும் ஆராய்தல், சொல்லவிருக்கும் பொருளை முன்னரே உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளல், விரைவும் வெகுளியும் இன்மை, கொள்பவன் எவ்வாறு கொள்வான் என அறிந்து உரைத்தல் ஆகியன ஆசிரியர்க்கு விதிக்கப்படுகின்றன. இவற்றுள் இறுதியானது மாணவர் முகம் காணும் வாய்ப்பை வேண்டுவது. பதிவுசெய்யப்பட்ட காணொலிக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இரண்டாவது, பயிலும் முறை. வழக்கை அறிதல், பாடத்தை மறவாது பேணுதல், கேட்டவற்றை மீளச் சிந்தித்தல், ஆசிரியரை அணுகி மேலும் கேட்டு நிறைவுசெய்தல், உடன்பயில்வோரோடு பழகுதல், ஐயம் வினவுதல், பிறர் வினவியதற்கு விடை கூறுதல் என ஏழு செயல்கள் கூறப்படுகின்றன. இவ்வேழும் மாணவன் செய்பவை. அவற்றுள் நான்கு, மற்றோர் ஆளின்றி நிகழ இயலாதவை.

மூன்றாவது, பங்கீடு. ஆசிரியர் உரைத்ததை முற்றும் மனங்கொண்ட மாணவனும் புலமையின் காற்பங்கையே அடைகிறான். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வாய்க்கிறது. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய இரு காற்பங்கும் நிறைகின்றன என்பது நன்னூலின் துணிபு. இதனை அளந்தறிந்த கணக்காகக் கொள்ள வேண்டுவதில்லை. எச்செயலுக்கு எவ்வளவு முதன்மை என்பதைக் காட்டும் அளவுகோலாகக் கொள்ளலாம். அவ்வளவுகோலின்படி, விரிவுரையை மட்டும் ஒளிபரப்பும் பாடம், அது எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும், முதற் காற்பங்கைக் கடப்பதில்லை.

3. இக்கால ஆய்வுகளோடு ஒப்பீடு

நினைவு குறித்த செய்முறை ஆய்வுகள் இப்பங்கீட்டின் போக்கையே வலியுறுத்துகின்றன. ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்களும் படித்ததை நினைவுகூர்ந்து எழுதியவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஐந்து நிமிடம் கழித்து நடத்திய தேர்வில் மீண்டும் படித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்து நடத்திய தேர்வில் நினைவுகூர்ந்தவர்கள் முந்தினர். பதிவுக் காணொலியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் மாணவர்க்குப் பாடம் புரிந்துவிட்டது என்னும் உணர்வு தோன்றுவதும், சில நாளில் அது நிலையாமல் போவதும் இதனால் விளங்கும். கேட்டதை மீளச் சிந்திக்குமாறு நன்னூல் விதிப்பது இந்நோக்கில் பொருள்பெறுகிறது.

2014இல் குவோ, கிம், ரூபின் ஆகியோர் எட்எக்ஸ் தளத்தில் 69 இலட்சம் காணொலிப் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து, ஆறு நிமிடத்திற்கு உட்பட்ட காணொலிகளே மிகுதியாக முழுமையும் பார்க்கப்படுகின்றன எனக் கண்டனர். இம்முடிவை இரு வரையறைகளோடு ஏற்க வேண்டும். அது பார்த்தலை அளந்ததேயன்றிக் கற்றலை அளந்ததன்று. அதில் இடம்பெற்றவை பல்கலைக்கழக நிலைப் பாடங்கள். ஆயினும் பள்ளிக் குழந்தையின் கவனம் அதனினும் நீளும் என்று கருத இடமில்லை. இணைய விரிவுரையின் இடையிடையே சிறு வினாக்களை வைத்தால் மனம் அலைதல் குறைகிறது என்பதை ஸ்புனார், கான், ஷாக்டர் ஆகியோரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியுள்ளது. எனவே உரையைச் சுருக்குவது மட்டும் போதாது. உரை நின்ற இடத்தில் மாணவர் செயல் தொடங்க வேண்டும்.

ஓரிடத்தில் நன்னூலிலிருந்து விலக வேண்டியுள்ளது. அது மாணாக்கரை முதல், இடை, கடை எனத் தரப்படுத்திக் கடைமாணாக்கர்க்கு ஓட்டைக் குடம் முதலானவற்றை உவமை கூறுகிறது. அனைவர்க்கும் கல்வி என்னும் கொள்கையை ஏற்ற பள்ளிக்கு இத்தரப்பாடு பொருந்தாது. குடத்தில் நீர் நில்லாதபோது, நீர் ஊற்றப்பட்ட முறையையே வடிவமைப்பாளர் முதலில் ஐயுற வேண்டும்.

4. தமிழுக்கே உரிய சிக்கல்கள்

இணையவழிப் பாட வடிவமைப்பு குறித்த பொதுநூல்கள் மொழிசார்ந்த இடர்களைப் பேசுவதில்லை. தமிழ்ப் பாடத்தில் அவ்வாறான மூன்று இடர்கள் உள்ளன.

அ) ஒலி. லகர, ளகர, ழகர வேறுபாடு நுண்ணியது. மலிவான ஒலிவாங்கியும் தரம் குறைந்த இணைப்பும் அதனை மங்கச் செய்கின்றன. செவி மட்டும் போதாத இவ்விடத்தில் நன்னூலின் எழுத்துப் பிறப்பு விளக்கம் துணைசெய்கிறது. லகர, ளகரங்களில் நாவின் விளிம்பும், ழகரத்தில் நாவின் நுனியும் தொழிற்படுகின்றன என்பதைப் படமாகவும் வாயசைவாகவும் காட்டலாம்.

ஆ) எழுத்துள்ளீடு. மாணவர் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுகின்றனர். அம்முறையில் லகர, ளகர வேறுபாடு ஆங்கிலச் சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. கருவி முன்மொழியும் சொற்பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டால் பிழையற்ற சொல் கிடைக்கிறது. ஆனால் அது மாணவரின் எழுத்தறிவைக் காட்டாது. தொடக்க வகுப்புகளில் தாளில் கையால் எழுதி ஒளிப்படமாக அனுப்புவதும், உயர்வகுப்புகளில் 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைப் பயிற்றுவதும் தக்கவை.

இ) தானியங்கு மதிப்பீடு. மாணவர் தட்டச்சிட்ட விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல், தமிழில் எளிதாகத் தவறும். ஒகர உயிர்மெய்யின் துணைக்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் உள்ளிடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் உள்ளிடலாம். இரண்டும் நிகரானவை என்றே ஒருங்குறி வரையறுத்துள்ளது. திரையிலும் ஒன்றுபோல் தோன்றும். இயல்பாக்கம் செய்யாத நிரலோ அவற்றை வெவ்வேறாகக் கொள்ளும். சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் எழுதும் வழக்கு வேறுபாடும் இத்தகையதே. சரியாக எழுதிய குழந்தைக்குத் ‘தவறு’ என்னும் விடை வருமாயின், அக்குழந்தை கருவியை ஐயுறுவதில்லை. தன் தமிழையே ஐயுறுகிறது. இவ்விடரைத் தவிர்க்கக் கருதி மதிப்பீட்டைப் பல்விடை வினாக்களாகவே அமைத்தால், விடையை அடையாளம் காணும் திறன் அளக்கப்படுமேயன்றிச் சொல்லை ஆக்கும் திறன் அளக்கப்படாது.

5. வடிவமைப்புச் சான்று: மயங்கொலிப் பாடம்

நடுவண் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட அளவிலான இரு நேரடி அமர்வுகளுக்கு மேல் வேண்டா எனப் பரிந்துரைத்தது. அத்தகைய அமர்வு ஒன்றிற்குரிய 40 நிமிடத்தை முழுவதும் உரைக்கே செலவிடாமல், நன்னூல் பங்கீட்டின்படி பின்வருமாறு பகுக்கலாம்.

முதற்பகுதி (10 நிமிடம்): ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் விலை, விளை, விழை ஆகிய மூன்று சொற்களை மட்டும் ஒலித்து, நா அமையும் இடத்தைக் காட்டிப் பொருள் விளக்குகிறார். அடுத்த ஐந்து நிமிடத்தில் மாணவர் கேட்டதைப் பாராமல் எழுதுகின்றனர்.

இரண்டாம் பகுதி (10 நிமிடம்): மாணவர் இருவர் இருவராகப் பிரிகின்றனர். ஒருவர் ஒரு சொல்லை ஒலிக்க, மற்றவர் தாம் கேட்ட சொல்லை எழுதிக் காட்டுகிறார். எழுத்து மாறினால் பிழை ஒலித்தவரிடத்தா, கேட்டவரிடத்தா என இருவரும் ஆராய்கின்றனர்.

மூன்றாம் பகுதி (20 நிமிடம்): அலை, அளை, அழை போன்ற புதிய சொற்றொகுதி ஒன்றை மாணவர் ஒவ்வொருவரும் தம் சொற்களால் விளக்கி ஒரு நிமிட ஒலிப்பதிவு செய்கின்றனர், பின்னர் உடன்பயிலும் ஒருவரின் பதிவைக் கேட்டு ஒரு வினா எழுப்புகின்றனர். வினவப்பட்டவர் விடையளிக்கக் கடமைப்பட்டவர். ஆசிரியர் இங்குப் பேசுவதில்லை, கேட்கிறார். கொள்வோன் கொள்வகையை அறியும் வாய்ப்பு அவர்க்கு இப்பகுதியிலேயே கிட்டுகிறது.

மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அதே ஒலிகளைக் கொண்ட வேறு சொற்களால் சிறு சொல்வதெழுதல் நடைபெறும். மறத்தல் இயல்பாதலின் மீள்பயிற்சியும் பாடத்தின் உறுப்பாகவே கொள்ளப்படுகிறது.

இவ்வடிவம் உயர்ந்த கருவி எதனையும் வேண்டுவதில்லை. முதற்பகுதியை ஒலிக்கோப்பாக அனுப்பலாம். வாயசைவுக்கு ஒரு படம் போதும். வீட்டில் கைபேசி ஒன்றே உள்ளதெனின், பெற்றோர் பணியிலிருந்து திரும்பிய பின் மாணவர் பதிவு செய்து அனுப்பலாம். இணைப்பே இல்லாத வீட்டில் இரண்டாம், மூன்றாம் பகுதிகளைத் தெருவில் உள்ள மற்றொரு மாணவரோடோ தன்னார்வலரோடோ நிகழ்த்தலாம். இணைப்பை நாடுவது முதற் காற்பங்கு. முக்காற்பங்கு மனிதரை நாடுகிறது.

வகுப்பில் மாணவர் 40 பேர் எனின், 40 ஒலிப்பதிவுகளை ஆசிரியர் ஒருவரே அன்றன்று கேட்டல் அரிது என்னும் தடை எழலாம். நாளொன்றுக்கு எட்டுப் பதிவுகள் எனச் சுழற்சிமுறையில் கேட்டால், ஐந்து வேலை நாளில் ஒவ்வொரு மாணவரின் குரலும் ஆசிரியர் செவியை ஒருமுறை எட்டும். அதற்குரிய நேரத்தை ஆசிரியரின் பணிநேரமாக ஏற்பது நிருவாகத்தின் கடமை. அவ்வாறு ஏற்காத வடிவமைப்பு தாளில் மட்டுமே நிற்கும்.

6. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு: இணையவழிப் பாடத்தில் ஆசிரியர் உரை காற்பங்கு நேரத்தைக் கடத்தல் கூடாது. ஒவ்வொரு பாடமும் மாணவர் நினைவுகூர்தல், உடன்பயில்வோரோடு பழகுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல் ஆகிய மூன்றையும் கட்டாயம் கொண்டிருத்தல் வேண்டும். தமிழ் மதிப்பீட்டு நிரல்கள் ஒருங்குறி இயல்பாக்கத்தையும் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கையும் கருத்திற்கொண்டு ஆக்கப்படுதல் வேண்டும். அப்பணியில் நிரலாளரோடு தமிழாய்வாளரும் இணைதல் வேண்டும். பாடத்தின் வெற்றியைப் பதிவேற்றிய காணொலிகளின் எண்ணிக்கையாலன்றி, மாணவர் பேசியும் எழுதியும் அனுப்பியவற்றால் அளத்தல் வேண்டும். இம்மாதிரியை வெவ்வேறு வகுப்புகளில் செயற்படுத்தி, மூன்றாம் நாள், பத்தாம் நாள் சொல்வதெழுதல் விடைகளை வழக்கமான விரிவுரை வகுப்புகளின் விடைகளோடு ஒப்பிடுவது அடுத்து நிகழவேண்டிய ஆய்வாகும்.